மார்பகத்தை முழுவதும் எடுத்தால்தான் உயிருக்குப் பாதுகாப்பா?

மார்பகப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்ததும் நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே முடிவுதான் எடுக்கப்படுகிறது. "முழுசா எடுத்துருங்க டாக்டர், மிச்சம் வைக்க வேணாம்" என்று சொல்லிவிடுகிறோம். சொல்பவர் கணவராக இருக்கலாம், மூத்த மகனாக இருக்கலாம், துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ போனில் பேசும் தம்பியாக இருக்கலாம். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அறுவைக்குப் போகப்போகும் பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை. முழுவதும் எடுப்பதுதான் பாதுகாப்பு என்ற எண்ணம் சரியா என்றும் விசாரிப்பதில்லை.

இந்தியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு தரும் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 98,000 பேர் இறந்தனர். இது எந்த ஊரிலும் எந்தத் தெருவிலும் வரக்கூடியது என்பதால், அறுவை சிகிச்சையைப் பற்றிய சில உண்மைகளை ஒவ்வொரு வீடும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முழுவதும் எடுக்கும் வழக்கம் எப்படி வந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டட் என்ற அறுவை நிபுணர் ஒரு முறையை ஏற்படுத்தினார். மார்பகம், அதன் கீழே இருக்கும் நெஞ்சுத் தசை, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகள் (நாம் 'நெறி' என்று சொல்வது) எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிடுவது அந்த முறை. புற்றுநோய் மரத்தின் வேரைப்போல இருந்த இடத்திலிருந்தே பக்கத்தில் படரும், எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது அக்கால நம்பிக்கை. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு உலகம் முழுவதும் அதுவே நடந்தது. பல பெண்கள் பிழைத்தார்கள். ஆனால் நெஞ்சு குழிந்து, கை வீங்கி, தோளைத் தூக்க முடியாமல் மீதி வாழ்நாளைக் கழித்தார்கள்.

இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி என்ற மருத்துவர் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார். 1973 முதல் 1980 வரை, 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி உள்ள 701 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குப் பழைய முறைப்படி முழு அறுவை. மறு பிரிவுக்கு, கட்டி இருந்த கால் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, மீதி மார்பகத்துக்குக் கதிர்வீச்சு. நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்வது இதைத்தான். இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டார். முழுவதும் எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 24 பேரும், காப்பாற்றியவர்களில் சுமார் 26 பேரும் இந்நோயால் இறந்திருந்தனர். இந்தச் சிறு வேறுபாடு தற்செயலானது, இரண்டு முறைக்கும் உயிர்ப் பாதுகாப்பு சமமே என்பது ஆய்வின் முடிவு. அதே ஆண்டில் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர், 1,851 பெண்களை இருபது ஆண்டுகள் கவனித்த தம் ஆய்வை வெளியிட்டார். அவரும் அதே முடிவுக்கு வந்தார்.

காரணம் இதுதான்: மார்பகத்தில் இருக்கும் கட்டி நேரடியாக உயிரைக் கொல்வதில்லை. அதிலிருந்து ரத்தத்தின் வழியே எலும்புக்கும் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் போகும் செல்கள்தான் கொல்கின்றன. மார்பகத்தை எவ்வளவு அகலமாக வெட்டினாலும், ஏற்கெனவே வெளியே போய்விட்ட செல்களைக் கத்தி தொடாது. அவற்றைத் தொடுவது கீமோ, ஹார்மோன் மாத்திரை போன்ற மருந்துகளே.

ஒரு நிபந்தனை உண்டு

மார்பகத்தைக் காக்கும் அறுவையும் கதிர்வீச்சும் ஜோடி. ஒன்றை விட்டு மற்றொன்று இல்லை. ஃபிஷரின் ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு தராத பெண்களில், நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெற்றவர்களில் அது 14 ஆகக் குறைந்தது. அந்தக் காலத்தை விட இன்று மருந்துகள் மேம்பட்டிருப்பதால், திரும்பி வரும் வாய்ப்பு இன்னும் குறைவு. ஆனாலும் "ஆபரேஷன் ஆயிடுச்சு, கட்டி போயிடுச்சு" என்று கதிர்வீச்சுக்குப் போகாமல் இருப்பது ஆபத்தான தவறு. பாதியில் நிறுத்துவதும் அப்படியே.

அண்மைக் கால ஆய்வு ஒன்றையும் சொல்லலாம். சுவீடனில் 2008 முதல் 2017 வரை அறுவை செய்துகொண்ட 48,986 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மார்பகத்தைக் காத்துக் கதிர்வீச்சும் பெற்றவர்கள், முழுவதும் எடுத்தவர்களை விடக் கூடுதலாகவே பிழைத்திருந்தார்கள். இது பதிவுகளைப் பார்த்துச் சொன்னது, குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை அல்ல. ஆகவே, 'காத்தால் கூடுதல் ஆயுள்' என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. 'காத்தால் ஆயுள் குறையும்' என்ற பயத்துக்கு இடமில்லை என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம்.

வடிவம் திருத்தும் அறுவை என்பது என்ன?

கட்டி சிறியதாக இருந்தால் எடுத்த இடம் தெரியாமல் ஆறிவிடும். கட்டி பெரிதாக இருந்தால், அல்லது மார்பகத்தின் கீழ்ப்பகுதியிலோ உட்பக்கத்திலோ இருந்தால், எடுத்த இடத்தில் பள்ளம் விழும், காம்பு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். கதிர்வீச்சுக்குப் பிறகு அது இன்னும் சுருங்கும். முன்பெல்லாம் இப்படி ஆகும் என்று தோன்றினால் முழுவதும் எடுத்துவிடுவார்கள்.

இப்போது புற்றுநோய் அறுவையோடு ஒட்டுறுப்பு அறுவையின் (பிளாஸ்டிக் சர்ஜரி) நுட்பத்தையும் சேர்த்து, ஒரே மேஜையில், ஒரே மயக்கத்தில் செய்கிறார்கள். இதற்கு 'ஆன்கோபிளாஸ்டிக்' அறுவை என்று பெயர். முதலில் கட்டியைச் சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து எடுப்பார்கள். எடுத்த துண்டின் ஓரங்களில் மை தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மை பட்ட ஓரத்தில் புற்றுச் செல் இல்லையென்றால் முழுமையாக எடுத்தாயிற்று என்று பொருள். ஓரத்தில் இருந்தால் மறுபடி சிறிது எடுக்க நேரிடும்.

பிறகு மிச்சமுள்ள மார்பகத்தை ஒழுங்குபடுத்துவார்கள். பாரிஸ் நகரைச் சேர்ந்த கிருஷ்ணா க்ளஃப் என்ற அறுவை நிபுணரின் குழு 2010இல் தந்த வகைப்பாட்டை இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். மார்பகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாக எடுத்தால், பக்கத்துச் சதையை நகர்த்திப் பள்ளத்தை மூடினாலே போதும். ஐந்தில் ஒன்றிலிருந்து பாதி வரை எடுக்க வேண்டியிருந்தால், மார்பகத்தைச் சிறிதாக்கி மேலே தூக்கித் தைப்பது போன்ற பெரிய திருத்தம் தேவைப்படும். சதை போதாதவர்களுக்கு நெஞ்சின் பக்கவாட்டிலிருந்தோ முதுகிலிருந்தோ எடுத்து நிரப்புவார்கள். இரண்டு பக்கமும் ஒத்திருக்க, மறு மார்பகத்தையும் சிறிது திருத்துவது உண்டு.

அக்குளிலும் மாற்றம் வந்திருக்கிறது. சாய மருந்து செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அவை சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொடுவதில்லை. இதனால் கை வீக்கம் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏற்றதல்ல?

எல்லோருக்கும் மார்பகத்தைக் காக்க முடியாது. மார்பகத்தின் பல இடங்களில் நோய் பரவலாக இருந்தாலோ, தோல் முழுவதும் சிவந்து வீங்கும் வகையாக இருந்தாலோ, முன்பே அந்த இடத்தில் கதிர்வீச்சு பெற்றிருந்தாலோ, கர்ப்ப காலம் போன்ற காரணத்தால் கதிர்வீச்சு தர முடியாவிட்டாலோ முழுவதும் எடுப்பதே சரி. பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு உள்ளவர்களும் தனியாக ஆலோசிக்க வேண்டும். முழுவதும் எடுக்க நேர்ந்தவர்களுக்கும் வழி உண்டு. உடனேயோ பிறகோ புது மார்பகம் அமைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்பவர்கள் துணியிலோ சிலிக்கானிலோ செய்த மார்பகத்தை உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

கட்டி பெரிதாக இருக்கிறது என்பதால் மட்டும் வாய்ப்பு போய்விடுவதில்லை. முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவை செய்யலாம். கட்டி இருந்த இடம் தெரியாமல் போய்விடாதபடி, தொடங்கும்போதே அங்கே சிறு உலோகக் கிளிப் ஒன்றை வைப்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், முற்றிய நிலையில் வரும் பெண்களுக்கு முதலில் சிகிச்சையால் கட்டியைச் சுருக்கி, அதன் பின் அறுவை செய்வதில் நீண்ட கால அனுபவம் உள்ளது. அங்கே வாழ்நாள் முழுவதும் பணியாற்றிய டாக்டர் சாந்தா இதில் முன்னோடி.

செய்துகொண்டவர்கள் என்ன சொல்கிறார்கள்?

நோய் போயிற்றா என்பதை மருத்துவர் சொல்லலாம். வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதை அந்தப் பெண்தான் சொல்ல முடியும். அதற்காகவே 2009இல் 'பிரெஸ்ட்-கியூ' என்ற கேள்வித்தாள் உருவாக்கப்பட்டது. கண்ணாடியில் பார்க்கும்போது எப்படி உணர்கிறீர்கள், உடுத்தும்போது தயக்கம் உண்டா, நெஞ்சிலும் கையிலும் வலி இருக்கிறதா, இல்லற வாழ்வு எப்படி, மருத்துவர் முன்கூட்டியே விளக்கினாரா என்று அது கேட்கிறது. விடைகளுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் உண்டு. பல நாடுகளில் இதை வைத்துச் செய்த ஆய்வுகளிலிருந்து சில விஷயங்கள் தெளிவாகின்றன.

மார்பகத்தைக் காத்துக்கொண்டவர்கள், முழுவதும் எடுத்துவிட்டு எதுவும் அமைத்துக்கொள்ளாதவர்களை விட, உடல் தோற்றத்திலும் மன நிம்மதியிலும் பொதுவாகக் கூடுதல் மதிப்பெண் தருகிறார்கள். பெரிய பகுதியை எடுக்க வேண்டியவர்களுக்கு வடிவத் திருத்தமும் சேர்ந்தால் பலன் நன்றாக இருக்கிறது. காலப்போக்கில் கதிர்வீச்சு மார்பகத்தைக் கெட்டியாக்கிச் சிறிது சுருக்குவதால், முதல் ஆண்டின் திருப்தி பிறகு சற்றுக் குறையலாம்.

இதில் மறைக்கக் கூடாத மறுபக்கமும் உண்டு. திருத்த அறுவையில் தையல் நீளம், நேரம் அதிகம். புண் ஆறத் தாமதமாவது, சீழ் பிடிப்பது, சதையில் ஓரிடம் கெட்டிப்படுவது, காம்பில் உணர்ச்சி குறைவது ஆகியவை சிலருக்கு நேரும். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இது அதிகம். புண் ஆறாமல் கீமோவும் கதிர்வீச்சும் தள்ளிப்போகக் கூடாது. ஆகவே, அறுவைக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்றும் தெரிகிறது. எந்த அறுவை நடந்தது என்பதைப் போலவே, அந்தப் பெண்ணுக்கு எல்லாம் விளக்கப்பட்டதா, முடிவில் அவருக்குப் பங்கு இருந்ததா என்பதும் திருப்தியைத் தீர்மானிக்கிறது. தெரிந்தே முழுவதும் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். வேறு வழி இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டவர்களுக்குத்தான் மனக்குறை தங்கிவிடுகிறது.

படைப்பை மாற்றுவதாகாதா?

நம் சகோதரிகள் பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி இது. அழகுக்காக உடலை மாற்றுவதும், நோயால் சிதைந்ததைச் சீர்செய்வதும் ஒன்றல்ல. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு வைத்துக்கொள்ள, அது துர்நாற்றம் தந்தபோது, பொன்னால் அமைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. ஆண்களுக்குப் பொன் தடுக்கப்பட்டிருந்தும் இந்த அனுமதி கிடைத்தது. 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தன் 173ஆம் தீர்மானத்தில், நோயால் ஏற்பட்ட குறையைச் சீர்செய்வது கூடும் என்று கூறியதோடு, எடுக்கப்பட்ட மார்பகத்தை மீண்டும் அமைப்பதைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். இந்தச் சந்தேகத்தாலேயே சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்று விரும்பினால் தயங்காமல் கேளுங்கள். முதல் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளிலும் பெண் மருத்துவர்கள், செவிலியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அறுவைக்கு அனுபவமுள்ள பெண் நிபுணர் கிடைக்கவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

சீக்கிரம் வந்தால் வழிகள் அதிகம்

மார்பகத்தைக் காக்கும் வாய்ப்பு எல்லாம் சீக்கிரம் வருவதைப் பொறுத்தே இருக்கிறது. இந்தக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. "வலிக்கலையே" என்று விட்டுவிடுவதுதான் முதல் தாமதம். வெளிநாட்டிலிருந்து அவர் வரட்டும், பிள்ளைக்குக் கல்யாணம் முடியட்டும், அறுவடை ஆகட்டும் என்பது அடுத்த தாமதம். ஊசி குத்திப் பார்த்தால் பரவிவிடும், கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயம் மூன்றாவது. ஊசிப் பரிசோதனை செய்யாமல் எந்த வகைப் புற்று, எந்த மருந்து கேட்கும் என்று தெரியாது. அதைச் செய்வதால் உயிருக்கு ஆபத்து கூடுவதில்லை.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில் 1,51,538 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினரை, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். மெஷின் எதுவும் இல்லை. பரிசோதிக்கப்பட்டவர்களுக்கு நோய் முன்னதாகவே கண்டுபிடிக்கப்பட்டது. இருபது ஆண்டு முடிவில், 50 வயதைத் தாண்டிய பெண்களில் இந்நோயால் ஏற்படும் மரணம் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுச் செய்துகொள்ளும் சாதாரணப் பரிசோதனைக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து ரத்தக் கசிவு, அக்குளில் நெறி, இவற்றில் எது தெரிந்தாலும் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.

செலவும் அலைச்சலும்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. புற்றுநோய் அறுவை, கீமோ, கதிர்வீச்சு இதில் அடங்கும். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு, திருவாரூர் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் அட்டை பெறலாம். நோய் வந்த பிறகு அலையாமல் இப்போதே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வடிவத் திருத்தம் எந்த அளவுக்கு அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து முதல் பரிசோதனைக்குத் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். கதிர்வீச்சுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. "தினம் மன்னார்குடி வழியா தஞ்சாவூர் போய்வர முடியாது, அதனால முழுசா எடுத்துடலாம்" என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. முன்பு கதிர்வீச்சு ஐந்து வாரம், 25 நாள். பிரிட்டனில் நடந்த 'ஸ்டார்ட்' ஆய்வுகளுக்குப் பிறகு மூன்று வாரம், 15 நாளே போதும் என்று ஆகிவிட்டது. 2020இல் வெளிவந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு, தகுந்தவர்களுக்கு ஐந்தே நாள் போதும் என்று காட்டியது. "எனக்கு எத்தனை நாள்?" என்று கேட்டுவிட்டு அதன் பின் முடிவெடுங்கள். முழுவதும் எடுத்தாலும், கட்டி பெரிதாக இருந்தாலோ நெறிகளில் நோய் இருந்தாலோ கதிர்வீச்சு தேவைப்படலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அறுவைக்குப் பின் கைப் பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும். சுவரில் விரலால் ஏறுவது, தோளைச் சுழற்றுவது போன்றவற்றை மருத்துவமனையிலேயே கற்றுத்தருவார்கள். கை ஊன்றி ஸுஜூது செய்ய முடியாத நாட்களில் நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கத்தில் சலுகை இருக்கிறது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. என் நோய் எந்த நிலையில், எந்த வகையில் இருக்கிறது?
2. மார்பகத்தைக் காக்க முடியுமா? முடியாது என்றால் என்ன காரணம்?
3. முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு முயலலாமா?
4. வடிவத் திருத்தத்தை நீங்களே செய்வீர்களா, ஒட்டுறுப்பு அறுவை நிபுணரும் சேர்ந்து செய்வாரா? இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?
5. அக்குள் நெறிகள் அத்தனையும் எடுக்க வேண்டுமா?
6. இரண்டாவது அறுவை தேவைப்படும் வாய்ப்பு எவ்வளவு?
7. கதிர்வீச்சு எங்கே, எத்தனை நாள்?

இதைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பதில்களையும் அதிலேயே எழுதுங்கள். வேறொரு மருத்துவரிடம் இரண்டாம் கருத்து கேட்பது தவறில்லை. அதற்கு ஒன்றிரண்டு வாரம் செலவாவதால் பெரிய தீங்கு இல்லை, மாதங்கள் செலவானால் தீங்கு உண்டு.

வீட்டிலுள்ள ஆண்களுக்கு ஒரு வார்த்தை. உம்மாவோ மனைவியோ லாத்தாவோ, அவர் மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நாம் பதில் சொல்லிவிடக் கூடாது. வெளிநாட்டில் இருப்பவர்கள், "நான் வர்ற வரைக்கும் பொறு" என்று சொல்லாமல், "நாளைக்கே போய்க் காட்டு, பணத்துக்கு நான் பொறுப்பு" என்று சொல்லுங்கள். மருத்துவர் வழிகளை விளக்கி முடித்ததும் அவரிடம் திரும்பி, "உனக்கு எது சரின்னு தோணுது?" என்று ஒருமுறை கேளுங்கள்.